மாற்று ஈரல் வைத்த பிறகு ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது, மனம் மட்டும் தேறவில்லை. யாரிடம் சொல்வது?

#1 காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 46. குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் சேர்ந்து, ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸில் கொண்டுபோய் விட்டன. இந்த வருடத் தொடக்கத்தில் சென்னையில் மாற்று ஈரல் அறுவைசிகிச்சை நடந்தது. டோனர் என் கொழுந்தனார், அவருடைய சொந்தத் தம்பி. இப்போது திருச்சிக்கே திரும்பிவிட்டோம். பிலிருபின் இறங்கிவிட்டது, வயிற்றில் நீர் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. டாக்டர்களுக்குத் திருப்தி.

ஆனால் மனுஷன் பழைய மனுஷனாக இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சின்ன விஷயத்துக்குக் கத்துகிறார், கொஞ்ச நேரம் கழித்து அதற்காகவே அழுகிறார். தம்பி வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். "அவன் வயிற்றைக் கிழித்துத்தான் நான் சோறு தின்கிறேன், எந்த முகத்தோடு அவன் முன்னால் உட்கார்வது" என்று ஒருநாள் சொன்னார்.

கொழுந்தனாரும் முன்போல் இல்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. என் ஓரகத்தி என்னிடம் சரியாகப் பேசியே நாளாகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வயதுக் கணவரை, ஒரு நோயும் இல்லாதவரை, தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவள் அவள்.

பார்க்க வருகிறவர்கள் "மறுஜென்மம் எடுத்து வந்திருக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்" என்கிறார்கள். அதற்குப் பிறகு நான் எதைச் சொல்ல? செக்கப்பில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார், அனுப்பிவிடுகிறார். பக்கத்தில் இவரை வைத்துக்கொண்டு "ராத்திரியில் அழுகிறார்" என்று எப்படிச் சொல்வது? இது மாத்திரையால் வருவதா, மனதால் வருவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒன்பதாம் ஆண்டு

சகோதரி, எனக்கு மாற்று ஈரல் வைத்து ஒன்பதாவது வருடம் நடக்கிறது. மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து கிடைத்தது. உங்கள் கணவர் செய்வதில் பாதியை நானும் செய்திருக்கிறேன். கத்தினேன், அழுதேன், தூங்காமல் கிடந்தேன். ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் இருந்த வாரங்களில் என் கோபம் எனக்கே பயமாக இருந்தது. புது ஈரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் டேக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிட்ட பிறகு கை நடுங்கும், டம்ளரில் காப்பி தளும்பும். டோஸ் இறங்க இறங்க இவையும் இறங்கின.

மாத்திரையோடு இறங்காதவையும் உண்டு. ஐ.சி.யூ.வில் இருந்தபோது சுவரெல்லாம் எறும்பு ஊர்வதைப் பார்த்தேன். நர்ஸ்கள் என்னை எங்கோ கடத்திப் போகப் பேசிக்கொள்கிறார்கள் என்று முழுமையாக நம்பினேன். அதற்கு டெலிரியம் என்று பெயர், பெரிய அறுவைசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு வரும் என்று பின்னால் ஒரு டாக்டர் விளக்கினார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எறும்புகள் கனவில் வந்தன. வெளியே சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று, காத்திருந்த காலம். பட்டியலில் பெயர் இருக்கும்போது ஒவ்வொரு இரவும் ஃபோன் அடிக்காதா என்று படுத்திருப்பேன். அது அடிக்க வேண்டுமானால் எங்கோ ஒரு வீட்டில் இழவு விழுந்திருக்க வேண்டும் என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வரும். அந்தக் குடும்பம் யார் என்று சொல்ல மாட்டார்கள், அது விதி. நல்ல விதிதான். ஆனால் நன்றி சொல்ல ஒரு வாசல்கூட இல்லாமல் இருப்பது கனமான விஷயம். 2023 செப்டம்பரில், உறுப்புக்கொடை அளித்தவர்களின் உடல் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, எனக்காகவும் யாரோ போய்க் கும்பிட்டது போல் இருந்தது.

என் கடன் முகம் தெரியாத ஒருவருக்கு. உங்கள் கணவரின் கடன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்கிறது. அது இன்னும் கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரிடம் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

#3 வெள்ளைக்கோட்டு

நான் ஒரு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். ஈரல் பிரிவிலிருந்து கூப்பிட்டால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. மாற்று ஈரல் வைத்தவருக்கு நடத்தையில் மாற்றம் வந்தால் "மனசுதான்" என்று உடனே முடிவு கட்டக்கூடாது. டேக்ரோலிமஸ் ரத்தத்தில் அதிகமானால் நடுக்கம், தலைவலி, தூக்கமின்மை, கெட்ட கனவு, சில சமயம் குழப்பமே வரும். அந்த லெவலைக் காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும். மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சோடியம், மெக்னீசியம், சர்க்கரை, ஏதாவது தொற்று, நிராகரிப்பு இவற்றையும் பார்ப்பார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளுக்கு 40 மி.கி.க்கு மேல் போகும்போது மனநிலைத் தொந்தரவுகள் வெகுவாகக் கூடும் என்பது பல காலமாகத் தெரிந்தது. ஆனால் மாதங்கள் கடந்து டோஸ் குறைந்த பிறகும் அழுகையும் விலகலும் தொடர்ந்தால், பழியை மாத்திரை மேல் மட்டும் போட முடியாது.

அடுத்து மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் பெரும்பாலான நேரம் மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தன்னைப் பாரம் என்று நினைப்பது. இவை இருந்தால் சிகிச்சை தேவை. "நான் போயிருந்தாலே தேவலை" என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறாரா? நேராகவே கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை. அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அவர் எதிரில் சொல்வது கஷ்டம் என்றீர்கள். செக்கப்புக்கு முன்பே, மருத்துவமனையில் உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைக்கும் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு ஃபோன் செய்து, இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். டாக்டரே தானாகக் கேட்பதுபோல் பேச்சை எடுப்பார். உங்கள் கணவருக்கும் மானம் போகாது.

மனச்சோர்வு மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்றவற்றை ஈரல் வைத்தவர்களுக்கும் கொடுத்துப் பழக்கம் உண்டு. பலன் தெரிய சில வாரம் ஆகும். ஃப்ளூவோக்ஸமின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை டேக்ரோலிமஸ் லெவலைத் தூக்கிவிடும், அதனால் ஈரல் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது. மனசுக்கு நல்லது என்று அசுவகந்தா, எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் சூரணம், பழைய பழக்கத்தில் கீழாநெல்லி, இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டும் நல்ல ஈரலையே கெடுத்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன.

#4 நேர்வழி

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் சகோதரி. என் அக்கா கணவருக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. அவரும் முதல் ஆறு மாதம் இப்படித்தான் இருந்தார். கடைக்குப் போக ஆரம்பித்தார், கோயிலுக்குப் போனார், சரியாகிவிட்டார். ஏற்கனவே கை நிறைய மாத்திரை. அதோடு மனநல மாத்திரையும் சேர்ந்தால் உடம்பு தாங்குமா? ஃபைலில் ஒருமுறை "மனநோய்" என்று எழுதிவிட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா, வேலைக்கு எடுப்பார்களா? நாளைக்கு இன்னொரு ஈரல் தேவைப்பட்டால் இவருக்குத் தகுதி இல்லை என்று சொல்ல மாட்டார்களா? இதையெல்லாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்கிறேன்.

#5 வெள்ளைக்கோட்டு

நியாயமான பயம்தான். கோயிலும் கடையும் பலருக்கு உதவியிருக்கின்றன, மறுக்கவில்லை. வேலைக்குத் திரும்புவது மனதுக்கு நல்ல மருந்து. ஆனால் படுக்கையை விட்டே எழ மனம் இல்லாதவரைக் கடைக்குப் போகச் சொன்னால் அவர் எப்படிப் போவார்?

இன்ஷூரன்ஸ் பற்றி: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. உங்கள் ஃபைலில் இருப்பதை உங்கள் சம்மதம் இல்லாமல் முதலாளியிடம் காட்டவும் மருத்துவமனைக்கு உரிமை கிடையாது.

இன்னொரு ஈரல் விஷயம் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். சிகிச்சை எடுக்கும் மனச்சோர்வு யாரையும் தகுதி இழக்கச் செய்வதில்லை. கவனிக்காமல் விட்ட சோர்வில் மாத்திரை விட்டுப்போகும், செக்கப் தள்ளிப்போகும், நிராகரிப்பு வரும். அதைத்தான் நாங்கள் பயப்படுகிறோம். ஈரல் மாற்றிய முதல் வருடத்தில் மனச்சோர்வு தொடர்ந்து இருந்தவர்கள், இல்லாதவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனதைப் பார்ப்பதும் அந்த ஈரலைக் காப்பாற்றும் வேலைதான்.

#6 மழைவாசல்

ஆபரேஷனுக்கு முந்திய அம்மோனியா நாட்களைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

என் மனைவிக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோய். கெட்டுப்போன ஈரல் அம்மோனியாவை வடிகட்டாமல் விட, அது மூளைக்குப் போய்விடும். ஹெபாடிக் என்செபலோபதி என்பார்கள். முதலில் பகல் தூக்கம், இரவு விழிப்பு. பிறகு காப்பியில் உப்பு போட்டாள். பேங்க் செக்கில் அவள் கையெழுத்து அவளுக்கே வரவில்லை. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தட்டித் தட்டி விழும். லாக்டுலோஸ் சிரப் கொடுத்து நாளைக்கு இரண்டு மூன்று முறை வயிறு போக வைக்க வேண்டும், அதுதான் வைத்தியம். அந்த சிரப்பைக் குடிக்க வைப்பதே எங்கள் வீட்டில் தினப்படி யுத்தம். நான் விஷம் கொடுக்கிறேன் என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறாள். என் அம்மாவைப் பற்றி, எங்கள் கல்யாணத்தைப் பற்றி அவள் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

மாற்று ஈரல் வைத்தபின் அவள் தெளிந்துவிட்டாள். அந்த மாதங்கள் அவள் நினைவில் அநேகமாக இல்லவே இல்லை. எனக்கு எல்லாம் இருக்கிறது. பேசியது அவள் அல்ல, நோய்தான் என்று அறிவுக்குத் தெரியும். அது காதில் இறங்க மாட்டேன் என்கிறது. இன்றைக்கும் அவள் ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் எனக்குக் கை சில்லிட்டுவிடும், லேபுக்கு ஓடலாமா என்று தோன்றும்.

ஒரு கட்டத்தில் எனக்குத்தான் தூக்கம் போனது, ரத்த அழுத்தம் ஏறியது. மருத்துவமனையின் உளவியலாளர் ஒருமுறை அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். அத்தனை நாளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு நாற்காலி அந்த அறையில் வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#7 காவிரிக்கரை

மழைவாசல் சார், படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். எங்கள் வீட்டிலும் அந்த நாட்கள் உண்டு. "உன்னைக் கட்டினதிலிருந்துதான் எனக்கு நோய்" என்று மகள் எதிரில் சொன்னார். அவருக்கு அது நினைவில்லை. மகளுக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அதைச் சொல்லலாமா?

#8 வெள்ளைக்கோட்டு

சொல்லலாம், ஆனால் இப்போது வேண்டாம். அவர் கொஞ்சம் தேறிய பிறகு, முடிந்தால் ஒரு ஆலோசகர் உடன் இருக்கும்போது சொல்லுங்கள். பழி போல இல்லாமல், "இப்படி ஒரு காலம் நமக்கு நடந்தது" என்று. மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். அப்பாவின் மூளைக்கு நச்சு ஏறியிருந்தது, அந்த வார்த்தை அப்பாவுடையது இல்லை என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கேட்காமலே இருந்துவிடுவார்கள், மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

என்செபலோபதி இருந்தவர்களுக்கு மறதியும் யோசனையில் மந்தமும் ஆபரேஷனுக்குப் பின்னும் சில மாதம் நீடிக்கலாம். அலுவலகத்தில் பழைய வேகம் வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்கள். அவகாசம் கொடுங்கள்.

#9 தாமிரபரணி

இழையைத் தொடங்கியவர் முதல் பத்தியிலேயே "குடிப்பழக்கம் கிடையாது" என்று எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஈரல் என்று சொன்னதுமே ஊர் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. என் அப்பா குடித்துத்தான் ஈரலைக் கெடுத்துக்கொண்டார். அம்மாவின் அண்ணனே "குடிகாரனுக்கு எதற்கு இன்னொரு ஈரல், நல்லவன் ஒருத்தனுக்குப் போகட்டும்" என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் மாற்று ஈரல் என்று ஒரு விதியை உலகம் முழுக்கப் பல காலம் பின்பற்றினார்கள். குடியால் ஈரல் வீங்கும் கடும் ஆல்கஹால் ஹெபடைட்டிஸ் வந்து மருந்துக்கும் கேட்காதவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆறு மாதமே ஆயுளில் இல்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவமனைகளில் அப்படிப்பட்ட 26 பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, காத்திருக்க வைக்காமல் ஈரல் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாற்றாதவர்களில் 23 சதவீதம். அந்த 26 பேரில் மூன்று பேர் பின்னால் மறுபடி குடித்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத் துணை எப்படி, நோயைப் பற்றிய புரிதல் எப்படி, வேறு கடுமையான மனநோய் உண்டா என்று எல்லாம் பார்த்தார்கள். மனநலம் பார்க்கும் ஆள் குழுவில் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி இரண்டாவது வருடம், ஒரு கல்யாண வீட்டில் "ஒரே ஒரு பெக் மாமா, புது ஈரல்தானே" என்று ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் மறைக்கத்தான் சொன்னார்கள். டாக்டருக்குத் தெரிந்தால் இனிமேல் பார்க்கவே மாட்டார் என்று அம்மாவுக்கு நடுக்கம். நான் கோஆர்டினேட்டருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. அந்த வாரமே போதை மீட்பு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பெத் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மாதம் எடுத்தார்கள், முந்திய சில வாரங்களில் குடித்திருந்தால் அது காட்டிவிடும். "உங்களைப் பிடிக்க அல்ல, சீக்கிரம் கை கொடுக்க" என்று அப்பாவிடமே விளக்கினார்கள். இப்போது அப்பா வாராவாரம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறார், தமிழிலேயே நடக்கிறது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து போதை மீட்புப் பணியைச் செய்கிறது, குடும்பத்தினரையும் சேர்த்தே உட்காரவைத்துப் பேசுவார்கள்.

குடிநோய்க்குச் சிகிச்சை தராமல் ஈரலை மட்டும் மாற்றி அனுப்பினால் அந்த மனிதரைப் பாதி வழியில் இறக்கிவிட்டது போலத்தான். இதை நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

#10 வலதுமடல்

நான் டோனர். என் கணவருக்குக் கொடுத்தேன். இங்கே டோனர் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார், நாத்தனார், என் சொந்த அம்மாகூட. மனப்பூர்வமாகத்தான் கொடுத்தேன், இன்னொரு முறை கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் அந்தப் பார்வைகளை மறக்கவில்லை. நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவிகள், அம்மாக்கள், அக்கா தங்கைகள். 2014 உறுப்பு மாற்று விதிகளில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: டோனர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவர் சுயமாகச் சம்மதிக்கிறாரா என்பதை ஈரலைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும். என்னைத் தனியாக உட்காரவைத்து ஒரு டாக்டர் அம்மா கேட்டார்: "இப்போது வேண்டாம் என்று சொன்னால், மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டும்தான் வீட்டில் சொல்வோம். உங்கள் பெயர் வராது." அந்த வாக்கியத்துக்கு அப்புறம்தான் என் சம்மதம் உண்மையிலேயே என்னுடையதாக ஆனது.

ஈரல் வளர்ந்துவிடும் என்று சொல்வார்கள். உண்மைதான், சில மாதத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிட்டது. மற்றது அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது குடும்பம் மொத்தமும் அவருடைய ஐ.சி.யூ. வாசலில் இருந்தது. அதுதான் நியாயம், ஆபத்து அவருக்குத்தான். ஆனாலும் அந்த அறையில் தனியாகப் படுத்திருந்தேன். வயிற்றின் குறுக்கே அந்தத் தழும்பு. குளிக்கும்போது அதைத் தொட எனக்கு ரொம்ப நாள் ஆனது. "நீ தெய்வம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தெய்வம் என்றான பிறகு, முதுகு வலிக்கிறது, வீட்டு வேலை முடியவில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

காவிரிக்கரை அக்கா, உங்கள் ஓரகத்தியிடம் போங்கள். இந்தத் தடவை நன்றி சொல்லப் போகாதீர்கள். நன்றியைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்திருக்கும். "உனக்கு எப்படி இருக்கு, ராத்திரி தூங்குறியா" என்று கேளுங்கள். உங்கள் கொழுந்தனாருக்கு டோனர் செக்கப் இருக்கிறதல்லவா, அதில் மனதைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வருடமாவது டோனரைப் பின்தொடர வேண்டும். நம் ஊரில் தையல் பிரித்ததோடு டோனரை மறந்துவிடுகிறார்கள்.

#11 ஒன்பதாம் ஆண்டு

வலதுமடல் அம்மா, நீங்கள் எழுதியதை என் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

#12 ஒருங்கிணைப்பாளர்_மதுரை

நான் மருத்துவ சமூகப் பணியாளர். டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மனநல மதிப்பீடு ஒன்று நடக்கும். குடும்பங்கள் அதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டு பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். "குடிப்பீர்களா? இல்லை. சண்டை உண்டா? இல்லை. பயம்? இல்லை." ஒன்றுமே இல்லாத குடும்பம் உலகத்தில் இருக்கிறதா? ஸ்டான்ஃபோர்டில் 2012-ல் உருவாக்கிய சிபாட் என்கிற மதிப்பீட்டு முறையில் 18 அம்சங்களைப் பார்ப்பார்கள். நோயைப் பற்றி என்ன புரிந்திருக்கிறது, யார் துணை இருக்கிறார்கள், மனச்சோர்வு உண்டா, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் பழக்கம் உண்டா, இப்படி. எங்கே கை கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் இதெல்லாம். உள்ளதைச் சொன்னவர்களுக்குத்தான் எங்களால் அதிகம் உதவ முடிந்திருக்கிறது.

என் வருத்தம் வேறு. அந்த ஒரு கையெழுத்தோடு மனநல மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று ரத்தப் பரிசோதனைக்கு அட்டவணை இருக்கிறது. மனதுக்கு அட்டவணை இல்லை. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும், ஒன்பது கேள்விகள் உள்ள பி.எச்.க்யூ.-9 படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு செக்கப்பிலும் நோயாளி, டோனர், கூட இருப்பவர் மூன்று பேருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் பிரிவில் இதைத் தொடங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஈரல் மாற்று உண்டு. ஆனாலும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வாடகை, பிள்ளையின் ஃபீஸ், இரண்டு சம்பளமும் நின்றுபோவது இவை எந்தத் திட்டத்திலும் வராது. நிலத்தை விற்றவர், நகையை வைத்தவர், இணையத்தில் தன் படத்தைப் போட்டுப் பண உதவி கேட்டவர், எல்லோருடைய மனதிலும் அது தங்கிவிடுகிறது. "இவ்வளவு செலவழித்துப் பிழைக்க வைத்தார்களே, நான் என்ன செய்து கொடுப்பேன்" என்று படுக்கையில் கணக்குப் போடுகிற நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். கடன் விவரத்தையும் எங்களிடம் மறைக்காதீர்கள். எந்த அறக்கட்டளை, எந்தச் சலுகை என்று எங்களுக்குத் தெரியும்.

#13 காவிரிக்கரை

கோஆர்டினேட்டருக்கு ஃபோன் செய்தேன். டாக்டர் அவராகவே பேச்சை எடுத்தார், இவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். டேக்ரோலிமஸ் லெவல் வேண்டியதைவிட அதிகமாக இருந்திருக்கிறது, குறைத்திருக்கிறார்கள். கை நடுக்கம் பரவாயில்லை. மனச்சோர்வும் இருக்கிறது என்று மனநல டாக்டர் சொல்லி மாத்திரை தொடங்கியிருக்கிறார், வாரம் ஒருமுறை ஆலோசகரோடு வீடியோவில் பேச்சு. அழுகை நிற்கவில்லை. ஆனால் இப்போது எனக்குத் தெரிந்து அழுகிறார்.

ஓரகத்தியைப் பார்க்கப் போனேன். வலதுமடல் சொன்னபடி கேட்டேன். அவள் கத்தினாள். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் இரண்டு பிள்ளைகளுக்கு யார் இருந்திருப்பீர்கள் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது காப்பி போட்டுக் கொடுத்தாள். சமாதானம் ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். மறுபடி போவேன்.

#14 நேர்வழி

நல்லது சகோதரி. லெவல் அதிகமாக இருந்ததைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம். மாத்திரை விஷயத்தில் என் தயக்கம் இன்னும் போகவில்லை. தூக்க மாத்திரை என்று ஆரம்பித்து அதை விட முடியாமல் போனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

#15 வெள்ளைக்கோட்டு

அந்த எச்சரிக்கை சரியானது. டயஸெபாம், அல்ப்ரஸோலாம் வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும். ஈரல் கெட்டுக் காத்திருப்பவர்களுக்கு அவை என்செபலோபதியையும் தூண்டிவிடும். அதனால் கடையில் நாமாக வாங்கவே கூடாது. மனச்சோர்வு மாத்திரைகள் வேறு வகை, போதைப் பழக்கம் ஏற்படுத்தாது. நிறுத்தும்போது மட்டும் டாக்டர் சொல்வதுபோல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

#16 குட்டிநிலா

என் மகளுக்கு பிலியரி அட்ரீசியா, பிறந்த குழந்தைக்குப் பித்தக்குழாய் அடைபட்டு ஈரல் கெடும் நோய். கைக்குழந்தையாக இருந்தபோதே என் ஈரலின் ஒரு பகுதியை வைத்தார்கள். இப்போது பத்தாம் வகுப்பு. இத்தனை வருடம் நான் கையில் கொடுத்த மாத்திரையைக் கேள்வி கேட்காமல் விழுங்கியவள், இப்போது தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறாள். முகம் உப்பியிருக்கிறது என்று பள்ளியில் கிண்டல். "நான் கேட்டேனா உன் ஈரலை" என்று போன வாரம் கேட்டாள். அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

#17 வெள்ளைக்கோட்டு

அம்மா, பதின்வயதில் மாத்திரை தவறுவது உலகம் முழுக்க இந்தக் குழந்தைகளிடம் காணப்படுவது. வளர்ப்பில் குறை இல்லை. முதலில் ஈரல் டாக்டரிடம் மாத்திரை தவறியதைச் சொல்லி லெவல் பார்த்துவிடுங்கள், அது அவசரம். முகம் உப்புவது ஸ்டீராய்டால் என்றால் குறைக்க வழி உண்டா என்று அவளையே டாக்டரிடம் கேட்கவிடுங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள். மாத்திரைப் பெட்டியும் அலாரமும் மெல்ல மெல்ல அவள் பொறுப்புக்கு வரட்டும், நீங்கள் சரிபார்த்தால் போதும்.

அவளிடம் ஒன்று சொல்லுங்கள். 1998-ல் டில்லியில், இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றி பெற்ற குழந்தை ஈரல் மாற்று நடந்தது. நோய் அதே பிலியரி அட்ரீசியா, ஈரல் கொடுத்தவர் அப்பா, குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளை. வளர்ந்து இன்று மருத்துவராக இருக்கிறார்.

#18 ஒருங்கிணைப்பாளர்_மதுரை

குட்டிநிலா, உங்கள் மகள் வயதில் ஈரல் மாற்றிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் சம்மதத்தோடு அவர்களைப் பேசவைக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவமனைக் கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காததை இன்னொரு பத்தாம் வகுப்பு சொன்னால் கேட்பார்கள்.

சென்னைக்குப் போய்வர முடியாதவர்களுக்கு: தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலும் கையில் இருக்கட்டும். புதிதாக எழுதிக்கொடுத்த மாத்திரையின் படத்தை, முதல் வேளை சாப்பிடுவதற்கு முன் உங்கள் ஈரல் பிரிவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.